வட்டிக்கு ரீடிங் எடுக்க யாரும் வருவதில்லை

வீட்டுச் செலவைக் குறைக்கணும் என்று பேச்சு எழுந்தால் நம் வீடுகளில் முதலில் திட்டு வாங்குவது ஃபேன்தான். "ஆள் இல்லாத ரூம்ல எதுக்கு ஓடுது?" என்ற குரல் கேட்காத வீடு கிடையாது. அந்தக் குரலைக் கணக்காக எழுதிப் பார்ப்போம். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு மணி நேரம் வீணாக ஓடினால், யூனிட் நாலரை ரூபாய் என்ற கணக்கில் சுமார் 34 காசு. அதே வீட்டில் கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் பாக்கி கிடக்கிறது, வட்டி மாதம் மூன்றரை சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மணி நேரத்தில் கார்டு தின்பது 2 ரூபாய் 87 காசு. ஆளில்லாத அறைகளில் எட்டு ஃபேன் இரவும் பகலும் ஓடுவதற்குச் சமம். அதற்கு யாரும் குரல் உயர்த்துவதில்லை. மினிமம் டியூ, அதாவது பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகை, கட்டியாச்சு என்ற நிம்மதியில் வீடு தூங்குகிறது.

கரண்ட் பில்லைக் குறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை எப்படிக் குறைப்பது என்றுதான் கீழே நிறைய எழுதப்போகிறேன். என்னை உறுத்துவது வேறு. சிக்கனத்துக்கு ஒரு நோட்டு, கடனுக்கு இன்னொரு நோட்டு என்று வீடுகளில் இரண்டு கணக்கு ஓடுகிறது. கரண்ட், கேஸ், மளிகை எல்லாம் சமையலறைப் பேச்சு. கடன் கூடத்துப் பேச்சு, சில வீடுகளில் அதுவும் இல்லை, ஒருவர் மனதுக்குள்ளேயே ஓடும் பேச்சு. இரண்டையும் ஒரே தாளில், ஒரே அலகில், மாதத்துக்கு எத்தனை ரூபாய் என்று எழுதினால், எதை முதலில் தொடுவது என்ற கேள்விக்குப் பாதி வீடுகளில் பதில் தலைகீழாகும்.

501-வது யூனிட்

தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500-ல் இருக்கும் பள்ளம்தான் பலருக்கும் தெரியாது. 2022 செப்டம்பரில் வந்த விலையை வைத்துக் கணக்குப் போடுகிறேன். 2024 ஜூலையில் 4.83 சதவீதம் கூடியது, ஆகவே உங்கள் பில்லில் இருக்கும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்குமேல் 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.50. கூடுதல் யூனிட்டுக்கு 8 ரூபாய். பில் 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். 600 வரை போனால் 2,750. அதாவது கடைசி 100 யூனிட்டுக்கு 1,025 ரூபாய் கொடுக்கிறீர்கள், யூனிட்டுக்குப் பத்தே கால்.

ஆகவே 480 யூனிட் வீடும் 520 யூனிட் வீடும் ஒரே மாதிரி சிக்கனம் செய்வதில் அர்த்தமில்லை. 520 வீடு இருபது யூனிட் குறைத்தாலே நாள் முழுக்கப் புழுங்கிச் சாவதற்கு ஈடான பலன் கிடைத்துவிடும். 500-ஐ 60 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 8.3 யூனிட். ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் வெள்ளை அட்டையிலிருந்தோ பில்லிலிருந்தோ குறித்துக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்தாம் நாள் மீட்டரைப் பாருங்கள். 375-க்கு மேல் ஓடியிருந்தால் நீங்கள் பள்ளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்; மிச்சம் பதினைந்து நாளில் ஏசி நேரத்தைக் குறைக்க வேண்டியது அப்போதுதான். இன்னொன்று, ரீடிங் 60 நாளுக்குப் பதிலாக 64 நாள் கழித்து எடுக்கப்பட்டால், நாளைக்கு எட்டு யூனிட் செலவழிக்கும் வீடு 480-க்குப் பதில் 512-ல் விழும். கையில் தேதியோடு எழுதிய கணக்கு இருந்தால்தான் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் போய்ப் பேச முடியும். வெறும் கோபத்தோடு போனால் பேச்சு நீளாது.

வாடகை வீட்டில், வீட்டுக்காரர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று ஒரே விலையில் வசூலிக்கிறார் என்றால் இந்தப் பள்ளக் கணக்கு உங்களுக்கு இல்லை. முதல் யூனிட்டுக்கும் அதே விலை. அங்கே எந்த யூனிட்டைக் குறைத்தாலும் முழுப் பலன் உங்களுக்கே. ஆனால் இலவச நூறு யூனிட் எங்கே போனது என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

எது எவ்வளவு தின்கிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். மின்மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுங்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுங்கல் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருந்தால், 75 வாட் ஃபேன் மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு நான்கு முறை மினுங்கும். 2,000 வாட் கீசர் போட்டால் நூறைத் தாண்டும், எண்ணவே முடியாது. வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் மினுங்கல் தொடர்ந்தால் எங்கோ ஒன்று குடித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், மோடம். இவை எதுவும் இல்லாமலும் மினுங்கினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம். அப்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியது பணத்துக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும். 12 வாட் செட்டாப் பாக்ஸ் இரண்டு மாதம் இரவும் பகலும் இருந்தால் 17 யூனிட்.

பெரிய தீனிக்காரர்கள் மூன்று பேர்: ஏசி, கீசர், தண்ணி மோட்டார். மோட்டாரை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒரு ஹெச்பி மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். முன்பு அரை மணியில் நிரம்பிய டேங்க் இப்போது முக்கால் மணி எடுக்கிறது என்றால் கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு கசியலாம், போரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், குழாய் இணைப்பில் காற்று இழுக்கலாம். மொட்டைமாடியில் டேங்க் வழிந்தோடிய பிறகு ஓடிப்போய் நிறுத்தும் வீட்டில், பத்து நிமிட வழிசல் மாதத்துக்கு ஐந்து யூனிட். ஏசியில் ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் ஆறு சதவீதம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 26-ல் வைத்து ஃபேனையும் போட்டால் 23-ன் சுகம் வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பேப்பரை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது.

இப்போது பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்த ஃபேன். அது 30 வாட்டில் ஓடும். நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் குறையும். விலை 2,700 என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஃபேனுக்கு 8,100 ரூபாய் போட்டு 120 யூனிட் குறைக்கிறோம். 600 யூனிட் வீடு என்றால் பில் 2,750-லிருந்து 1,605 ஆகும். வருடத்துக்கு 6,870 ரூபாய் மிச்சம். போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 85 சதவீதம் வருமானம். எந்தச் சேமிப்புத் திட்டத்திலும் கிடைக்காது. 300 யூனிட் வீடு என்றால்? 675 ரூபாய் பில் 180 ஆகும். வருடத்துக்கு 2,970. அதாவது 37 சதவீதம். இதுவும் நல்ல வருமானம்தான், கடன் இல்லாத வீட்டில். கார்டு பாக்கி இருக்கும் வீட்டில் அந்த 8,100-ஐ ஃபேனுக்குப் போடுவதைவிடக் கார்டில் கட்டினால் லாபம் அதிகம், ஏனென்றால் கார்டு வட்டி ஜிஎஸ்டியோடு சேர்த்து ஆண்டுக்கு 49 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒரே ஃபேன், ஒரு வீட்டில் முதல் வேலை, அடுத்த வீட்டில் இரண்டாவது வேலை. எல்லா வீட்டுக்கும் ஒரே பட்டியலை அனுப்பும் வாட்ஸாப் யோசனைகள் மேல் எனக்கு மரியாதை வராததற்கு இதுதான் காரணம். மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பி.எல்.டி.சி. ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாக ஓட்டக்கூடாது. அதற்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விடும். ரெகுலேட்டரைக் கழற்றி நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள்.

2,500 கட்டினால் 435

கார்டுக்கு வருவோம். 50,000 ரூபாய் பாக்கி. மாத வட்டி மூன்றரை சதவீதம், அதாவது 1,750. வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 315. ஆக 2,065. மினிமம் டியூ ஐந்து சதவீதம் என்றால் 2,500. அதைக் கட்டிவிட்டு "இந்த மாசம் கார்டு கட்டியாச்சு" என்கிறோம். கடன் குறைந்தது 435 ரூபாய். ஊர் வழக்கில் இதற்குப் பெயர் மூன்றரை வட்டி. தெருவில் யாராவது மூன்றரை வட்டிக்குக் கொடுத்தால் வாங்கத் தயங்குவோம். பளபளப்பான அட்டையில் வந்தால் கூசாமல் வாங்குகிறோம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் போவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே மேலே கூரை எதுவும் கிடையாது. உங்கள் கார்டின் கட்டண அட்டவணையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

மினிமம் டியூ பாக்கியோடு சேர்ந்து சுருங்கும் என்பதில்தான் சூட்சுமம். பாக்கி குறையக் குறைய ஐந்து சதவீதமும் குறைகிறது, நீங்கள் கட்டுவதும் குறைகிறது. ஒரு பைசா புதிதாகச் செலவு செய்யாமல், ஒவ்வொரு மாதமும் தவறாமல் மினிமம் மட்டும் கட்டி வந்தால் 50,000 ரூபாய் 25,000 ஆக ஆறரை ஆண்டு பிடிக்கும். பாதிதான். அதே வீடு, பில்லில் என்ன போட்டிருந்தாலும் பிடிவாதமாக மாதம் 2,500-ஐயே கட்டி வந்தால் 44 மாதத்தில் மொத்தமும் தீரும். கையிலிருந்து போவது ஒரு லட்சத்து எட்டாயிரம். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு முடிவு: பாக்கி குறைந்தாலும் கட்டும் தொகை குறையக்கூடாது.

பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. முழுப் பாக்கியும் கட்டாத மாதத்திலிருந்து, வட்டியில்லா நாட்கள் என்ற சலுகை போய்விடும். அதற்குப் பிறகு அதே கார்டில் போடும் பெட்ரோலுக்கும் வாங்கும் மளிகைக்கும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி. "பாயிண்ட் வருதே" என்று பாக்கியுள்ள கார்டைத் தேய்ப்பவர்கள் நூறு ரூபாய் மளிகைக்கு மாதம் நான்கு ரூபாய் வட்டி கொடுத்துவிட்டு ஒரு ரூபாய்கூடப் பெறாத பாயிண்டைச் சேர்க்கிறார்கள். கார்டைப் பூட்டி வைத்தால் போதாது. ஆன்லைன் கடைகளிலும் உணவு ஆப்களிலும் சேமித்து வைத்த கார்டு எண்ணை அழிக்க வேண்டும், வங்கி ஆப்பில் ஆன்லைன் பயன்பாட்டை அணைத்து வைக்க வேண்டும். பணம் கட்ட டியூ தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம். வட்டி தினசரி பாக்கி மேல் ஓடுவதால், சம்பளம் வந்த ஒன்றாம் தேதியே கட்டினால் பதினைந்தாம் தேதி கட்டுவதைவிட வட்டி குறையும். கார்டிலிருந்து ஏடிஎம்மில் பணம் எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: எடுத்த உடனே ஒரு கட்டணம், எடுத்த நாளிலிருந்து வட்டி.

கழுத்தில் கிடக்கும் வட்டி

இங்கேதான் பேச்சு சங்கடமாகும். பெரும்பாலான தமிழ் வீடுகளில் இந்தக் கடனை அடைக்கும் வழி பீரோவிலோ கழுத்திலோ இருக்கிறது. வங்கி நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 9, 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 10 என்றே வைத்துக்கொள்வோம். 50,000 ரூபாய்க்கு மாத வட்டி 417. கார்டு 2,065 கேட்கிறது. அதே 50,000, அதே வீடு, மாதம் 1,648 ரூபாய் வித்தியாசம். மேலே சொன்ன 600 யூனிட் வீடு மூன்று ஃபேனையும் மாற்றி மிச்சம் பிடிப்பது மாதம் 572 ரூபாய்தான் என்பதை நினைவில் வையுங்கள். நகையை வங்கியில் வைத்து, கார்டை ஒரே நாளில் முழுசாக அடைத்து, கார்டுக்குக் கட்டிக்கொண்டிருந்த அதே 2,500-ஐ மாதாமாதம் நகைக்கடனில் கட்டினால் 22 மாதத்தில் முடிகிறது. மொத்தம் 55,000-க்கும் கொஞ்சம் குறைவு. முன்பு சொன்ன ஒரு லட்சத்து எட்டாயிரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நகையை வைப்பது என்றால் நமக்குக் கௌரவப் பிரச்சனை. கல்யாணத்துக்குப் போகணும், மாமியார் கேட்பாங்க, கவரிங் போட்டுட்டுப் போனா தெரிஞ்சிடும். கார்டு பாக்கி யார் கண்ணுக்கும் தெரியாது, அதனால் அது கௌரவமாக இருக்கிறது. ஒரு பவுன் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கும் உரிமைக்கு மாதம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வாடகை கொடுக்கிறோம் என்று தாளில் எழுதிப் பார்த்தால்தான் அந்தக் கௌரவத்தின் விலை தெரியும். எழுதிப் பார்த்த பிறகும் கொடுக்கத் தயார் என்றால் அது அவரவர் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன். தெரியாமல் கொடுப்பதுதான் என்னால் தாங்க முடியாதது. நகை மனைவியுடையது, கடன் கணவருடையது என்றால், எவ்வளவு பாக்கி, எதற்காக வந்தது, எத்தனை மாதத்தில் நகை திரும்பும் என்று எழுதிக் காட்டாமல் அதைக் கேட்கவே கூடாது.

நகைக்கடனிலும் பொறி உண்டு. பெரும்பாலும் பன்னிரண்டு மாதம் கழித்து அசலும் வட்டியும் ஒரே தவணையாகக் கட்டும் வகையில்தான் போட்டுக் கொடுப்பார்கள். மாதாமாதம் யாரும் கேட்க மாட்டார்கள். வருடக் கடைசியில் 55,000 கையில் இருக்காது. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்போம். இப்படியே ஐந்து வருடம் அதே நகை அதே பெட்டியில் கிடக்கும். நகைக்கடன் கணக்கில் இடையில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாமா என்று வைக்கும்போதே கேளுங்கள். கட்டலாம் என்றால் மாதாமாதம் கட்டுங்கள். 2,500 வீதம் கட்டி வந்தால் பன்னிரண்டாம் மாத முடிவில் பாக்கி 24,000-க்குக் கீழே வந்திருக்கும். அப்போது திருப்பி வைக்கும்போது பாதி நகையை மீட்டுக்கொண்டு மீதிக்கு மட்டும் கடன் போட்டால் போதும். வைக்கும்போதே ஒரே கனத்த ஆரமாக வைக்காமல், சங்கிலி, வளையல், மோதிரம் என்று பிரித்து இரண்டு கடனாக வைத்தால் ஒன்றை முன்னதாக மீட்பது சுலபம். மதிப்பீட்டாளர் கட்டணம் இரண்டுக்கும் தனித்தனியாக வரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புது விதிகள் கொண்டுவந்தது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. கொடுக்கிறார்கள் என்பதற்காக வாங்க வேண்டியதில்லை. கார்டு பாக்கி எவ்வளவோ அவ்வளவுதான். "இன்னும் இருபதாயிரம் எலிஜிபிள் சார்" என்ற குரலுக்குக் காது கொடுத்தால் கார்டும் நகையும் சேர்ந்தே போகும். கடனைத் தீர்த்த பிறகு நகையை ஏழு வேலை நாளுக்குள் திருப்பித் தரணும், கொடுப்பவர் தவறால் தாமதமானால் நாளைக்கு 5,000 ரூபாய் ஈடு என்பதும் அதே விதிகளில் உண்டு.

தேர்தல் வரும்போது நகைக்கடனைக் கட்டாமல் நிறுத்தி வைக்கும் பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-ல் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட கடன் தள்ளுபடி ஆனது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய தேதி வரை வாங்கியது, கூட்டுறவு மட்டும், குடும்பத்துக்கு இவ்வளவு என்று நிபந்தனைகளும் இருந்தன. வணிக வங்கியில் வைத்த நகைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அங்கே காத்திருந்த மாதங்களின் வட்டியை யாரும் தள்ளுபடி செய்யவில்லை.

அடுத்தடுத்த கடன்கள்

கார்டு இல்லாத வீட்டில் தண்டல் இருக்கும். 10,000 என்று பேசி 9,000 கையில் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வசூல். "ஆயிரம் ரூபாதானே வட்டி" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், முழு 9,000 நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. சரியாகப் போட்டால் ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கு மேல். 8,500 கையில் கொடுத்தால் 120 சதவீதம். இதே ஏமாற்றம் கொஞ்சம் நாகரிகமான உடையில் இருசக்கர வாகனக் கடனில் வரும். "பத்து சதவீதம் ஃபிளாட்" என்பார்கள். ஒரு லட்சத்துக்கு மூன்று வருடம் மாதம் 3,611. குறைந்துகொண்டே வரும் அசலின் மேல் போட்டால் அது 18 சதவீதம். 2024 அக்டோபரிலிருந்து சில்லறைக் கடன்களுக்கு ஒரு விவரத் தாள் கொடுக்க வேண்டும், அதில் எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் ஒரே எண்ணாக இருக்கும். விற்பனையாளர் சொல்லும் எண்ணை விட்டுவிட்டு அந்த எண்ணை மட்டும் பாருங்கள்.

எதை முதலில் அடைப்பது? சின்னக் கடனை முதலில் முடித்தால் மனசுக்குத் தெம்பு என்று சொல்பவர்கள் உண்டு. என் கட்சி, வட்டி அதிகமானது முதலில். ஒரே ஒரு விலக்கு கைமாற்று. மச்சானிடம் வாங்கிய இருபதாயிரத்துக்கு வட்டி கிடையாதுதான், ஆனால் அடுத்த அவசரத்துக்குப் போய் நிற்கக்கூடிய ஒரே வாசல் அது. அதைக் கடைசியில் தள்ளினாலும், "இந்த மாதத்திலிருந்து ரெண்டாயிரம் ரெண்டாயிரமா தர்றேன் மச்சான்" என்று தேதி சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். மொய்யும் கடன்தான். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாத மொய் விருந்தில் நோட்டுப் போட்டு எழுதுகிறார்கள். மற்ற ஊர்களில் மனதில் எழுதுகிறோம். இந்த வருடம் திருப்பிச் செய்ய வேண்டிய மொய் எவ்வளவு என்று கடன் பட்டியலில் எழுதாமல் விட்டால், அது ஒரு முகூர்த்த மாதத்தில் கார்டு பாக்கியாக மாறி வந்து நிற்கும்.

இஎம்ஐ திரும்புவது தனி நோய். கணக்கில் 200 ரூபாய் குறைந்ததால் தவணை திரும்பினால், உங்கள் வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்த நிறுவனம் ஒரு கட்டணம், இரண்டுக்கும் ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய் போவது சாதாரணம், சிபில் என்ற கடன் வரலாற்றுப் பதிவிலும் கறை. சம்பளம் ஏழாம் தேதி வருகிறது, தவணை ஐந்தாம் தேதி என்றால் தேதியை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கேளுங்கள். முடியாதென்றால் தவணைகளுக்கென்று தனிக் கணக்கு வைத்து, சம்பளம் வந்த அன்றே அதில் போட்டுவிடுங்கள். அந்தக் கணக்கில் யுபிஐ இணைக்காதீர்கள். கடன் முற்றிப்போய் வங்கியே "இவ்வளவு கட்டினால் முடித்துக்கொள்ளலாம்" என்று அழைத்தால், சிபிலில் அது செட்டில்டு என்று பதியுமா, குளோஸ்டு என்று பதியுமா என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். முதல் வார்த்தை பதிந்தால் பல வருடம் வீட்டுக்கடன் வாசலில் அது எதிரே வந்து நிற்கும்.

மிச்சம் எங்கே போகிறது

பில்லைக் குறைத்த வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கரண்ட் பில் 1,100 குறைந்திருக்கும், கணக்கில் 1,100 கூடியிருக்காது. எங்கோ பிரியாணியாகக் கரைந்திருக்கும். குறைந்த தொகைக்கு அன்றே ஒரு முகவரி கொடுக்க வேண்டும். பில் கட்டும் அதே ஐந்து நிமிடத்தில், போன முறை பில்லுக்கும் இந்த முறை பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தை யுபிஐயில் கடன் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். சேமிப்புக் கணக்கில் வைத்து மாதக் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம் என்று நினைத்தால் மாதக் கடைசியில் அது இருக்காது.

மற்ற பில்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 28 நாள் ரீசார்ஜ் என்றால் வருடத்துக்குப் பதின்மூன்று முறை. நாலு பேர் வீட்டில் அந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜ் மட்டுமே நான்கு. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து பாருங்கள், மறந்துபோன ஓடிடி ஒன்றாவது உயிரோடு இருக்கும். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும்போது வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு வெளியில் நாலு மடங்கு கொடுப்பதும் சங்கிலிக் கௌரவத்தின் தங்கைதான். கேஸ் அடுப்பில் நீலம் போய் மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் பர்னரைக் கழற்றி ஊசியால் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். அப்படியும் மாறாவிட்டால் ஜெட்டை மெக்கானிக் பார்க்கட்டும்.

கடைசியாக, கார்டில் அந்த 50,000 முதலில் எப்படி வந்தது என்று ஸ்டேட்மெண்டுகளைப் பின்னோக்கிப் புரட்டினால், ஆடம்பரம் கொஞ்சம்தான் இருக்கும். ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ், வண்டி இன்சூரன்ஸ், அரையாண்டு வீட்டு வரி, தீபாவளித் துணி. ஒன்றுகூட எதிர்பாராத செலவு இல்லை. எல்லாம் தேதி தெரிந்தே வந்தவை. இவற்றை மொத்தமாகக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். ஃபீஸ் 30,000, இன்சூரன்ஸ் 4,000, வரி 3,000, தீபாவளி 11,000 என்றால் மாதம் 4,000. நகைக்கடன் ஓடும்போதே இதில் பாதியையாவது மாதத் தொடர் வைப்பில் போடத் தொடங்குங்கள், கடன் தீர இன்னும் நாலு மாதம் கூடப் பிடித்தாலும் பரவாயில்லை. மே 25-ம் தேதி முதிரும்படி போடச் சொல்லுங்கள். ஜூன் 5-ம் தேதி முதிர்ந்தால் ஃபீஸ் கவுண்டரில் மறுபடி கார்டுதான் வெளியே வரும்.